வலப்பக்கத்துக் கிட்டார்

என் வலது காது எந்த வாரத்தில் போனது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியும். அந்த வாரத்தில்தான் எங்கள் மூவருக்குள் சுற்றி வரும் கேசட் ஒன்று என் முறைக்கு வந்து சேர்ந்தது. பின்லாந்தில் பெயர் தெரியாத ஊரில் இரண்டு பேர் ஒரு வீட்டின் நிலவறைக்குள் உட்கார்ந்து, குளிர்காலம் முழுவதும் பதிவு செய்த பிளாக் மெட்டல், அலறலும் இரைச்சலுமான ராக் இசை. அட்டையில் குழுவின் பெயர் காய்ந்த வேர்களைப் போல் பின்னிக் கிடந்தது. மூன்று பேரும் அதை மூன்று விதமாக வாசித்தோம்.

எங்கள் கூட்டமே மூன்று பேர்தான். ஜொகூர் பாருவில் நான். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் பரிசோதிப்பது என் வேலை. வயது நாற்பத்து மூன்று. மூவாரில் ஓர் அண்ணன். வாப்பா காலத்துச் சாப்பாட்டுக்கடையை நடத்துகிறவர், தொழுகை தவறாதவர், டெத் மெட்டல் என்றால் உயிர். இறைவனை ஏசுகிற பாட்டு மட்டும் அவருக்கு ஆகாது. சேறு, போர், கொள்ளைநோய் என்றால் சந்தோஷமாகக் கேட்பார். பாலோவில் ஒரு தம்பி. தம்பி என்றாலும் முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, செம்பனை ஆலையில் வேலை. கொதிகலன் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து அதைவிடப் பெரிய சத்தத்தைத் தேடுகிற மனிதர்.

எப்படிச் சேர்ந்தோம் என்றால், அதுவும் ஒரு சண்டைதான். இணையத்தில் ஓர் ஆல்பத்தின் கீழே உலகமெங்குமிருந்து வந்து குவிந்திருந்த ஆங்கிலக் கருத்துகளுக்கு நடுவே யாரோ ஒருவர் தமிழில், 'டிரம்ஸ் சரியில்லை' என்று எழுதியிருந்தார். 'உங்கள் காது சரியில்லை' என்று நான் பதில் எழுதினேன். அவர்தான் மூவார் அண்ணன். இடையில் புகுந்து இருவரையுமே திட்டியவர் பாலோ தம்பி. மறுவாரமே போனில் மூவருக்கும் ஒரு குழு உருவாகிவிட்டது.

எங்களுக்குள் சில கட்டுப்பாடுகள் இருந்தன. யார் வைத்தது என்று ஞாபகமில்லை. நான்தான் வைத்திருப்பேன், அந்த மாதிரி ஆள் நான். கேசட் ஒருவர் கையில் இருக்கும்வரை அவர் வேறு எதையும் கேட்கக் கூடாது. முழுசாக மூன்று தடவை கேட்காமல் வாய் திறக்கக் கூடாது. போனில் கேட்பது கணக்கில் வராது. கேட்டு முடித்ததும், மனசில் பட்டதைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து, கேசட் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அடுத்தவர் தன் சீட்டை எழுதிய பிறகுதான் முந்தைய சீட்டுகளைப் பிரிக்கலாம். மூன்றும் சேர்ந்ததும் கடைசி ஆள் படமெடுத்துக் குழுவில் போடுவார். அதன் பிறகு சண்டை ஆரம்பமாகும்.

சண்டை என்று சும்மா சொல்லவில்லை. ஒரு பாடகர் குளியலறையில் நின்று கத்தினாரா, மாடிப்படியில் நின்று கத்தினாரா என்று பன்னிரண்டு நாள் அடித்துக்கொண்டிருக்கிறோம். அண்ணன் தன் கடையின் மாடிப்படியில் நின்று கத்தி, பதிவு செய்து அனுப்பினார். வேலையாட்கள் ஓடி வந்துவிட்டார்களாம்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில், கடையில், சொந்தக்காரர்கள் மத்தியில் நான் ஒன்று சொன்னால் எதற்கு வம்பு என்று 'சரி' என்றுவிடுவார்கள். என் கணவருக்கு 'சரி' என்பது மூச்சு விடுவதைப் போல வந்துவிடும். இந்த உலகத்தில் என்னிடம் 'தப்பு' என்று சொல்கிறவர்கள் அந்த இரண்டு பேர்தான். அதை நான் எவ்வளவு விரும்பினேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பின்லாந்துக் கேசட் வந்தபோது எனக்குச் சளி பிடித்திருந்தது. தலை கனத்து, வலது காது கும்மென்று அடைத்திருந்தது. சளி போனால் அடைப்பும் போகும் என்று விட்டுவிட்டேன். சளி போயிற்று. அடைப்பு முழுசாகப் போகவில்லை. ஆனால் சளிக்குப் பிறகு சில நாள் அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டேன். கடையில் கண் பார்க்க வருகிறவர்கள் என் இடப்பக்கம் உட்காருவார்கள், அறை அமைப்பே அப்படி. வலது கையில் பேனா இருப்பதால் போனையும் எப்போதும் இடது காதில்தான் வைப்பேன். அதனால் எந்தக் குறையும் தெரியவில்லை.

காலையில் பேருந்தில் வேலைக்குப் போகும்போது கையடக்கக் கருவியில் ஹெட்போன் மாட்டி அந்தக் கேசட்டைக் கேட்பேன். மழைக்காலம். சிங்கப்பூர்ப் பாலத்தை நோக்கிச் செல்லும் வாகனங்கள் மழைக்குள் சிவப்பு விளக்குகளாக நின்றுகொண்டிருக்கும். கண்ணாடியில் நீர் வழிய வழிய ஊர் கரைந்துகொண்டிருக்கும். காதுக்குள் இடப்பக்கம் ஒரு கிட்டார், மெலிந்து, தூரத்தில், மூச்சுவாங்க ஓடிக்கொண்டே இருக்கும். வலப்பக்கம் கிட்டாரே இல்லை. கனத்த முரசு மட்டும் யாரோ வெறுங்காலோடு மேல்மாடியில் நடப்பதுபோல் வந்துகொண்டிருந்தது. அந்த வெற்றிடத்தில் நான் மயங்கிப்போனேன். இத்தனை வருஷமாக எத்தனையோ குழுக்களைக் கேட்டிருக்கிறேன், எல்லாருமே இருக்கும் இடத்தையெல்லாம் சத்தத்தால் அடைப்பவர்கள். இந்த இரண்டு பேருக்கு மட்டும் பாதியைச் சும்மா விடத் தைரியம் இருந்திருக்கிறது என்று நினைத்தேன்.

இன்னொன்றும் நடந்தது. டேப் ஓடி முடிந்து கருவி 'டக்' என்று நின்ற பிறகும் அதன் இரைச்சல் நிற்கவில்லை. மலிவான கேசட்டில் பாட்டுக்குப் பின்னால் ஓடும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் எங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. அது இல்லாமல் துடைத்து வைத்த பதிவுகளை நாங்கள் மதிப்பதில்லை. அந்த இரைச்சல் பேருந்திலிருந்து இறங்கியும் கூடவே வந்தது. கடையில் இருந்தது, சமையலறையில் இருந்தது. மத்தியானத்தில் பரிசோதனை அறையின் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் இன்னும் நன்றாகக் கேட்டது. ஓர் ஆல்பம் மனசுக்குள் இறங்கினால் இப்படித்தான் என்று நம்பினேன். உண்மையைச் சொன்னால், பெருமையாக இருந்தது.

அந்த மாதம் நான் தூங்கியதுபோல் என் வாழ்நாளில் தூங்கியதில்லை. இடப்பக்கம் ஒருக்களித்துத் தலையணையில் காதைப் புதைத்துப் படுப்பது என் வழக்கம். என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர். விடிவதற்கு முன்பே கேட்டைக் கீச்சிடத் திறந்து, மோட்டார் சைக்கிளைத் தெருவரை தள்ளிக்கொண்டு போவார். பத்து வருஷமாக அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டவள், அந்த மாதம் ஒரு நாளும் விழிக்கவில்லை. ஒரு விடியலில் தானாகவே கண் திறந்து பார்த்தபோது, ஜன்னலுக்கு வெளியே வாழை மரத்தில் கனத்த மழை பெய்துகொண்டிருந்தது. இலைகள் அடிவாங்கிக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. சத்தமே இல்லை. கனவு என்று நினைத்து அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது தடவை கேட்ட பிறகு சீட்டு எழுதினேன். 'இடப்பக்கம் ஒரே ஒரு கிட்டார். வலப்பக்கம் முரசின் காலடி மட்டும். பாதி வீட்டைக் காலியாக விட்டு மீதிப் பாதியில் குடியிருக்கிறார்கள். டேப் நின்ற பிறகும் இரைச்சல் நிற்கவில்லை. இதை எழுதும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.' எழுதி முடித்து இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எனக்கே பிடித்திருந்தது.

பிறகு மற்ற இரண்டு சீட்டுகளையும் பிரித்தேன். அண்ணனுடையது: 'ரெண்டு கிட்டார். இடது கேக்குது, வலது பதில் சொல்லுது. வலதுதான் பாட்டு. டிரம்ஸ் சரியில்ல.' தம்பியுடையது: 'மூணாவது பாட்டுல வலது பக்கம் வர்ற மெட்டுக்காகவே இந்தக் கேசட்ட வச்சுக்கலாம்.'

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று சீட்டுகளையும் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, அடியில் எழுதினேன்: "ரெண்டு பேரும் எந்தக் கேசட்ட கேட்டீங்க?"

"ஒரே கேசட்தான்லா. நான்தானே உங்களுக்கு அனுப்பி வச்சேன்," என்றார் அண்ணன்.

"குழுவுல ரெண்டே பேரு. ஒருத்தன் டிரம்ஸ், ஒருத்தன் கிட்டார். ரெண்டாவது கிட்டார யாரு வாசிச்சது, பேயா?"

"அவனே ரெண்டாவது தடவ வாசிச்சுச் சேத்திருப்பாம்மா. எல்லாரும் செய்றதுதானே."

"செய்யலன்னுதான் சொல்றேன். அதுதான் இந்த ஆல்பத்தோட அழகே."

தம்பி நடுவில் வந்து, ஹெட்போன் வயரில் கோளாறு இருக்குமோ என்றார். வலப்பக்கம் முரசு நன்றாகக் கேட்கிறதே, வயர் போனால் முரசு மட்டும் எப்படி வரும் என்று மடக்கினேன். அந்த வெற்றி எனக்கு இரண்டு நாள் இனித்தது.

மூன்று வாரம் இது ஓடியது. எங்கள் சண்டைகளிலேயே பெரியது அதுதான். கேட்டுப் பழகிய காது இல்லாத கிட்டாரையும் தானாகச் சேர்த்துக்கொள்ளும், உங்கள் இருவருக்கும் வெற்றிடம் என்றால் பயம் என்று பத்தி பத்தியாக எழுதினேன். அண்ணன் பொறுமையிழந்து, மூன்றாவது பாட்டை மட்டும் போனில் பதிவு செய்து அனுப்பினார். "இத மட்டும் கேளுங்க. கேட்டுட்டுப் பேசுங்க." போனில் கேட்டு முடிவு சொல்கிற ஆள் நான் இல்லை என்று எழுதி, அதைத் திறக்காமலேயே விட்டேன். விதி விதிதான். போனை மேசையில் வைத்துத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் இடது காதே எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். அந்தப் பதிவு மூன்று வாரம் என் கைப்பையில், என் கூடவே பேருந்தில் வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் தம்பி தனியாகக் கூப்பிட்டார். குழுவில் பேசுவதோடு சரி, அவர் கூப்பிடுவது அபூர்வம். ஆலையின் இரைச்சல் பின்னால் கேட்டது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒன்னு சொல்லணும்."

"கிட்டாரப் பத்தின்னா வேணாம்."

"அதுதான். ஆனா வேற மாதிரி. எங்க மில்லுல வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுப்பாங்க. ஒரு பெட்டிக்குள்ள உக்கார வச்சு, சத்தம் கேட்டா பட்டன அமுக்கணும். எங்க கூட ஒரு அண்ணே இருந்தாரு. ஒரு பக்கம் விசில் ரிப்பேருன்னு சூப்பர்வைசர்கிட்ட சண்ட போட்டுக்கிட்டே இருந்தாரு. விசில் நல்லாத்தான் இருந்துச்சு. அவருக்குத்தான் ஒரு காதுல கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் போயிருச்சு. கும்முன்னு வர்ற கீழ் சத்தம் அப்படியே இருந்ததுனால அவருக்கே தெரியல."

நான் பேனாவை மேசையில் வைத்தேன்.

"ஹெட்போன ஒரு தடவ திருப்பிப் போட்டுக் கேளுங்கக்கா. அவ்ளோதான். நான் சொன்னது தப்புன்னா குழுவுல என்னைத் திட்டுங்க."

அவர் தப்பு என்று காட்டுவதற்காகத்தான் செய்தேன். சாப்பாட்டு நேரம், பரிசோதனை அறையில் யாரும் இல்லை. எழுத்துப் பலகையின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது பாட்டு தொடங்கும் இடத்துக்கு டேப்பை ஓட்டினேன். ஹெட்போனைத் திருப்பி, வலது காதுக்கு உரியதை இடது காதில் வைத்தேன்.

கிட்டார் ஒன்று வந்தது. நான் கேட்டிராத கிட்டார். மெதுவாக, மேல் ஸ்தாயியில், பனிக்கு மேலே வெயில் படுவதுபோல் ஒரு மெட்டு. ஒரு கணம் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, அதை மறைக்க மாட்டேன். இவ்வளவு அழகான ஒன்று இந்தக் கேசட்டுக்குள் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் நினைத்தேன். இருபது முப்பது விநாடி அப்படியே கண்ணை மூடிக் கேட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், முப்பது தடவை கேட்ட என் பழைய கிட்டாரைக் காணோம். வலது காதில் முரசின் காலடி மட்டும் நடந்துகொண்டிருந்தது.

மறுபடி திருப்பினேன். பழையது வந்தது, புதியது போயிற்று. திரும்பவும் மாற்றினேன். எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது. டேப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். இரைச்சல் நிற்கவில்லை. அது கேசட்டின் இரைச்சல் இல்லை என்று அப்போது புரிந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக என் காது செத்துக்கொண்டிருந்த சத்தத்தை உட்கார்ந்து ரசித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என்னையும் ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்தார்கள். தினமும் பத்துப் பேரிடம், 'இது தெளிவா இருக்கா, முன்னாடி உள்ளதா?' என்று கேட்கிற எனக்கு, பட்டனை எப்போது அமுக்குவது என்று தெரியவில்லை. வலது காதுக்கான கோடு தாளில் கீழ் சத்தங்கள்வரை நன்றாக வந்து, மேல் சத்தம் தொடங்கும் இடத்திலிருந்து சரிந்து விழுந்திருந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "எப்போதிலிருந்து இப்படி?" என்று மலாயில் கேட்டார். பெரும்பாலானவர்களுக்குச் சொல்லத் தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டார். நான் போனை எடுத்து, குழுவில் நான் போட்டிருந்த சீட்டின் படத்தைக் காட்டினேன். தேதி இருந்தது. "இதற்குப் பத்து நாள் முன்னால்," என்றேன். தமிழ் தெரியாததால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். 'வலப்பக்கம் முரசின் காலடி மட்டும்.' அவர் சிரிக்கவில்லை. இந்த மாதிரி திடீரென்று போகும் காதுக்கு முதல் நாட்களிலேயே வந்துவிட்டால் மாத்திரையில் திரும்ப வாய்ப்பு உண்டு, இவ்வளவு தள்ளிப்போன பிறகு முயன்று பார்க்கலாம், அவ்வளவுதான் என்றார். முயன்று பார்த்தோம். கோடு நிமிரவில்லை.

சளி என்று விட்டது பத்து நாள். வாதம் செய்தது மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் எனக்கு உதவ இரண்டு பேர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வலப்பக்கம் கிட்டார் இருக்கிறது என்று. அவர்கள் சொன்னது ஒவ்வொன்றுக்கும் நான் பதில் வைத்திருந்தேன். என்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கணவரிடம் சொன்னபோது அவர் முதல் தடவையாக 'சரி' என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் ஒரு தடவை எழுந்து மாறி உட்கார்ந்தார்.

குழுவில் நான்கு வரியில் சொன்னேன். தம்பி, "இப்பவாவது தெரிஞ்சிருச்சுக்கா," என்று மட்டும் எழுதினார். அண்ணனிடமிருந்து மூன்று நாள் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு குரல் பதிவு. கடை மூடிய பிறகு பேசியிருக்கிறார், பின்னால் சத்தமே இல்லை. "தங்கச்சி, மூணு வாரமா உங்களக் கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தேன். பேயா வாசிச்சுச்சுன்னு நீங்க கேட்டத வீட்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். மன்னிச்சுக்கங்க."

அதற்குப் பிறகு ஆரம்பித்தது ஒரு விசித்திரமான காலம். இரண்டு பேரும் என்னிடம் மிகவும் நல்லவர்களாகிவிட்டார்கள்.

தம்பி ஒரு சின்ன பிளக் வாங்கி அனுப்பினார். இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாக்கி ஒரே காதுக்குக் கொடுக்கும். அதைப் போட்டுப் பின்லாந்துக் கேசட்டை முழுசாகக் கேட்டேன். இரண்டு கிட்டாரும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தன. நல்ல ஆல்பம்தான். ஆனால் நான் ஒரு மாதம் குடியிருந்த ஆல்பம் அது இல்லை. அந்தப் பாதி வீட்டைப் பின்லாந்துக்காரர்களே கேட்டிருக்க மாட்டார்கள். அதை நினைத்துக் கொஞ்சம் அழுதேன்.

எனக்காக விதிகள் எல்லாம் தளர்ந்தன. போனிலும் கேட்கலாம் என்றார்கள். ஒரு தடவை கேட்டால் போதும் என்றார்கள். நான் எது எழுதினாலும், "சரிதான்கா," "நீங்க சொல்றதுதான் சரி," என்று வந்தது. டிரம்ஸைப் பற்றி அண்ணன் மூச்சு விடவில்லை. அவருடைய பதில்கள் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வருகிறவர் பேசுவதுபோல் இருந்தன. என்னிடம் மற்ற எல்லாரும் எப்படியோ, அப்படியே இவர்களும் ஆகிக்கொண்டிருந்தார்கள். காது போனதைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு காதோடு பாட்டுக் கேட்கப் பழகிக்கொள்ளலாம். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் பாட்டுக் கேட்க எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். முன்பு மூவரும் சேர்ந்து காறித் துப்பிய ஆல்பம் ஒன்று உண்டு. டிரம்ஸை இயந்திரத்தில் போட்டு, பிளாஸ்டிக் வாளியைத் தட்டுவதுபோல் இருக்கும். அதைக் குறித்து, 'யோசித்துப் பார்த்தால் இதைவிட நல்ல டிரம்ஸ் வந்ததே இல்லை' என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து அண்ணன் பதில் போட்டார்.

"அப்படியும் சொல்லலாம்மா."

கடையின் பின்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே கொஞ்ச நேரம் யாரும் வராமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து, தம்பி எங்களைப் பாலோவுக்குக் கூப்பிட்டார். நான் ரயிலில் போனேன். குளுவாங் தாண்டியதும் இருபுறமும் செம்பனைதான். வரிசைகள் ஜன்னலில் திறந்து மூடித் திறந்து மூடிப் போய்க்கொண்டே இருந்தன. அவற்றுக்குள் பகலிலேயே அந்தி மாதிரி இருட்டிக் கிடந்தது. அண்ணன் மூவாரிலிருந்து காரில் வந்திருந்தார், பொட்டலம் பொட்டலமாகச் சாப்பாட்டோடு. ஆலைக் குடியிருப்பில் தம்பியின் வீடு. அவர் மனைவி கோப்பி போட்டுக்கொண்டே, "பிள்ளைங்கள அம்மா வீட்ல விட்டுட்டேன்க்கா. உங்க பாட்டக் கேட்டா சின்னது ராத்திரி தூங்க மாட்டேங்குது," என்றார்.

அந்தச் சமயம் சுற்றில் இருந்தது பிலிப்பைன்ஸ் பக்கத்து மூன்று பேரின் டூம் மெட்டல். மெதுவாக, மிக மெதுவாக நகர்வது. மற்ற இருவரும் கேட்டு முடித்து, கடைசியாக என்னிடம் வந்திருந்தது. நானும் பிளக்கைப் போட்டு, விதிப்படி மூன்று தடவை கேட்டு, சீட்டு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மூவரும் ஒரே அறையில் இருப்பதால் சீட்டுகளை வாய்விட்டே படிக்கலாம் என்று முடிவாயிற்று. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

முதலில் என்னுடையதைப் படித்தேன். 'முதல் பக்கம் போதும். இரண்டாம் பக்கம் இடத்தை நிரப்பப் போட்டது. இருபது நிமிஷம் ஒரே ஸ்வரத்தில் நிற்க இவர்களுக்கு என்ன அவசியம் என்று தெரியவில்லை.'

தம்பி தன் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தார்.

"படிங்க," என்றேன்.

"பெரிசா ஒன்னும் இல்லக்கா. நீங்க சொன்ன மாதிரிதான்..."

கையை நீட்டி வாங்கிப் படித்தேன். 'ரெண்டாம் பக்கம்தான் ஆல்பமே. முதல் பக்கம் அதுக்கு வாசப்படி.'

"அது அப்ப எழுதுனதுக்கா," என்றார் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு. "இப்ப நீங்க சொல்றதக் கேட்டா, அதுவும் சரின்னுதான் தோணுது."

அண்ணன் கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ சொல்லாமல் விழுங்கப் பார்க்கிறார், விழுங்க முடியவில்லை என்று தெரிந்தது.

"என்ன அண்ணே?" என்றேன்.

"ஒன்னுமில்லம்மா."

"சொல்லுங்க."

கோப்பையைக் கீழே வைத்தார். "எப்படிலா அந்த ரெண்டாம் பக்கத்த இடத்த நிரப்பப் போட்டதுன்னு சொல்றீங்க? நான் அதக் கேட்டுக் கடையில உக்காந்து அழுதேன். சரி, காது போனா போகட்டும். ரசன எங்க போச்சு?"

தம்பியின் மனைவி தட்டோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டார். தம்பி, "அண்ணே," என்றார், மிக மெதுவாக. அண்ணன் முகம் வெளுத்துப்போயிற்று. தன் வாயிலிருந்து வந்தது தனக்கே கேட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மாதமாக நான் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என் ரசன இருக்கிற எடத்துலதான் இருக்கு. மெதுவா வாசிச்சா எல்லாம் பெரிய பாட்டுன்னு உங்களுக்கு யாரு சொன்னது? கடையில வெங்காயம் உரிச்சிருப்பாங்க, அதுக்கு அழுதிருப்பீங்க."

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "போடுங்க தம்பி ரெண்டாம் பக்கத்த. இன்னிக்கு இவங்கள ஒத்துக்க வைக்காம நான் மூவாருக்குப் போகப் போறதில்ல."

தம்பி கேசட்டைத் திருப்பிப் போட்டார். அந்த இரண்டாம் பக்கத்தை அன்று நான்கு முறை ஓட்டினோம். நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.